பாத்தியதை என்ற சொல்லும், பத்து வருடத்துக்கு மேலாகக் கூட இருக்கும் தாது அகராதியும்

நான் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு மலையாளப் பத்திரங்களைத் தமிழிலும் தமிழ்ப் பத்திரங்களை மலையாளத்திலும் எழுதிக் கொடுக்கிறேன். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ரிஜிஸ்டர் ஆபீஸில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இந்தப் பக்கம் வயல் இருக்கும், இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆனைமலை ஓரம் தென்னந்தோப்பு இருக்கும். அதனால் காகிதங்கள் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கும்.

2013-ல் ஒரு மலையாளக் கடிதம் வந்தது. நிலம் விற்கிறவர், வாங்கப் போகிறவருக்கு எழுதியது. ‘வஸ்துவின்மேல் யாதொரு பாத்யதயும் இல்ல’ என்று ஒரு வரி. அந்தச் சொல்லை நான் யோசிக்கவே இல்லை. தமிழிலும் அதே சொல் இருக்கிறதே! ‘இந்தச் சொத்தில் பாத்தியதை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பொள்ளாச்சியிலிருந்து அந்தப் பெரியவரே கிளம்பி வந்துவிட்டார். “ஏனுங்க அம்மிணி, விக்கறவருக்கே பாத்தியதை இல்லீன்னா அந்த நெலத்தை நான் எப்படிங்க வாங்கறது?” என்று கேட்டார். கோபம்கூட இல்லை, பயம்தான் அவர் குரலில் இருந்தது.

தமிழ்ப் பத்திரத்தில் பாத்தியதை என்றால் உரிமை. மலையாளத்தில் பாத்யத என்றால் கடன், சுமை, பொறுப்பு. நிலத்தின் மேல் கடன் இல்லை என்று அவர் எழுதியதை, நிலத்தின் மேல் உரிமை இல்லை என்று நான் ஆக்கியிருந்தேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்ததால் சரி செய்ய முடிந்தது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே சொல் எப்படி எல்லையைத் தாண்டியதும் நேர் எதிராக நிற்கிறது?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சமஸ்கிருத மாஷ் (வாத்தியார்) ஒருவர் இருந்தார். மறுநாள் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் மேஜையிலிருந்த பெரிய புத்தகத்தைத் திறந்து, சமஸ்கிருதத்தின் நாலு ‘ப’வில் மூன்றாவது ‘ப’ இருக்கும் பக்கத்துக்குப் போய், ஒரு குறியைத் தொட்டுக் காட்டினார். கணக்கில் வர்க்கமூலத்துக்குப் போடுவோமே, அந்தக் குறி. அதற்குப் பக்கத்தில் ‘பாத்’ என்ற தாது, அதாவது வேர்ச்சொல். அழுத்து, நெருக்கு, துன்புறுத்து என்று பொருள். “பாத்ய என்றால் அழுத்தத்துக்கு உட்பட்டது. அழுத்தப்படுகிறவன் பக்கமிருந்து பார்த்தால் அது சுமை. நிர்ப்பந்திக்கிறவன் பக்கமிருந்து பார்த்தால் அது உரிமை. மோளே, கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே காகிதத்தைத்தானே பார்க்கிறார்கள்?” என்றார்.

ஆந்திரத்தில் குப்பம் என்ற ஊரில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். தெலுங்கில் பாத்யத என்றால் கடமை, பொறுப்பு என்றாள். ஒரு தாது, மூன்று பக்கம். அந்த மாதமே அந்த அகராதியை வாங்கிவிட்டேன்.

அது மோனியர் வில்லியம்ஸ் தொகுத்த சமஸ்கிருத–ஆங்கில அகராதி, 1899-ஆம் வருடப் பதிப்பின் இந்திய மறுஅச்சு. பம்பாயில் பிறந்து ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர் அவர். 1872-ல் முதல் பதிப்பு வந்தது. அதைப் பெருக்கி எழுதிய இரண்டாவது பதிப்பு வந்த அதே 1899-ல் காலமானார். 1,300 பக்கத்துக்கு மேல், பக்கத்துக்கு மூன்று பத்தி, சுமார் 1,80,000 சொற்கள். எழுத்து மிகப் பொடி. நான் வாங்கிய பிரதியின் கட்டு மூன்றாம் வருடமே முதுகில் பிளந்துவிட்டது. பாலக்காட்டில் காலிக்கோ போட்டு மறுபடி கட்டிய பிறகு இன்றுவரை நன்றாக இருக்கிறது. பொருள் எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் நான் பட்ட கஷ்டம் சொற்களைத் தேடுவதில்தான். தமிழ் அகரவரிசை நம் கையில் ஊறியிருக்கிறது, இது வேறு வரிசை. ‘சம்சாரம்’ தேடினால் ‘ம’ வருமே என்று ‘ஸ’ வரிசையின் பின்பாதிக்குப் போவேன், இருக்காது. அங்கே ‘ம்’ என்பது அனுஸ்வாரம், புள்ளியாக எழுதுவது. உயிரெழுத்துகள் முடிந்ததும், மெய்களுக்கு முன்னால், அதன் இடம் வந்துவிடும். இது புரிந்த நாளில் பாதிப் புத்தகம் திறந்தது.

அடுத்தது, சொல்லிலிருந்து தாதுவுக்கு எப்படிப் போவது என்பது. இதற்கு இரண்டு மூன்று வழக்கங்கள் தெரிந்தால் போதும், பத்திரத்தில் வரும் சொற்களில் பெரும்பாலானவை பிடிபடும். தாதுவில் இருக்கும் ‘இ’ நீளும்போது ஏ, ஐ ஆகும். ‘உ’ நீண்டால் ஓ, ஔ ஆகும். ‘ரு’ மாதிரி ஒலிக்கும் உயிரெழுத்து அர், ஆர் ஆகும். ‘க்ரு’ (செய்) என்பதிலிருந்து கரம், காரம் எல்லாம் வருவது அப்படித்தான். இரண்டாவது வழக்கம், தாதுவின் கடைசியில் இருக்கும் ‘ச்’ ‘க்’ ஆகும், ‘ஜ்’ என்பது ‘அங்கே’யில் ஒலிக்கிற மாதிரி மெலிந்த ‘க்’ ஆகும். ‘பச்’ என்றால் சமைத்தல், அதிலிருந்து பாகம், நளபாகத்தில் வருகிற பாகம். ‘யுஜ்’ என்றால் பூட்டுதல், சேர்த்தல். அதிலிருந்து யோகம், உத்தியோகம், பிரயோகம், வியோகம். ‘ருஜ்’ உடைத்தல், ரோகம். ‘த்யஜ்’ விடுதல், தியாகம். ‘புஜ்’ அனுபவித்தல், போகம். இந்த ஐந்தையும் ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

தாது என்ற சொல்லையே தேடிப் பார்த்தேன். ‘தா’ என்றால் வைத்தல். வைக்கப்பட்டது, அடுக்கு, மூலப்பொருள் என்று பொருள் விரிகிறது. நாம் வேர்ச்சொல் என்கிறோம், அவர்கள் மனதில் செடியின் வேர் இல்லை, கட்டடத்துக்கு அடியில் வைக்கும் பொருள்தான் இருந்திருக்கிறது. தாது உப்பு என்று நாம் சொல்வதும் இதுவேதான். பாட்டி காலத்துக் கதைகளில் வரும் 1876-ன் தாது வருஷப் பஞ்சத்திலும் அந்த ‘தா’ இருக்கிறது. வருடப் பட்டியலில் அதன் பெயர் தாத்ரு, படைப்பவன்.

என் வேலையில் இந்த அகராதி என்ன செய்தது என்று சொல்வதுதான் முக்கியம். நிலம் வாங்கினால் தமிழில் எழுதுவது கிரயப் பத்திரம். மலையாளத்தில் தீறாதாரம். ஒரே காகிதம்தான். கிரயம் என்பது ‘க்ரீ’ என்ற தாது, வாங்குதல். தாதுக்களைப் பத்து கணங்களாகப் பிரிப்பார்கள், அதில் ஒன்பதாம் கணத்துக்கே இதன் பெயர்தான், க்ரியாதி. முன்னால் ‘வி’ போட்டால் விக்கிரயம், விற்பனை. பத்திரம் என்பது ‘பத்’, பறத்தல், விழுதல். பறவையின் இறகு முதலில், அப்புறம் இலை, அப்புறம் இலையில் எழுதியது. மலையாளத்துத் தீறாதாரத்தில் ‘தீர்’ நம்முடையது. ஆதாரம் என்பது ‘த்ரு’, தாங்குதல், பிடித்தல். தர்மம் வருவதும் இதிலிருந்துதான். இந்தப் பக்கத்துக் காகிதம் தாங்குகிறது, அந்தப் பக்கத்துக் காகிதத்துக்குச் சிறகு இருக்கிறது. இப்போதும் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அதைவிட என்னை உலுக்கியது பாகப்பிரிவினை. அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எழுதும் பத்திரம் அது. பாகம் என்பது ‘பஜ்’ என்ற தாது. பங்கிடுதல், பங்குபெறுதல். அதே ‘பஜ்’தான் பஜனை. அதே ‘பஜ்’தான் பக்தி. பங்கிடுதல், பங்கைப் பெறுதல், ஒன்றில் தன்னைப் பங்காக்கிக்கொள்ளுதல், சேவித்தல் என்று அகராதியில் வரிசையாகப் போகிறது. நமக்கு வந்த பங்கு பாக்கியம். மலையாளத்தில் லாட்டரிக்குப் பாக்யக்குறி என்று பெயர். கேரள அரசு அதை 1967-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை ஆனபின் வேலந்தாவளம், கோபாலபுரம் கடைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் ‘பாக்கி’ இருக்கிறதே, கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, அது அரபியிலிருந்து வந்தது. பாக்கியத்துக்கும் பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை. ஒலியை மட்டும் பார்த்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு மாஷ் எப்போதும் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் எழுத்தை வைத்துக்கொண்டு தாது தேடுவது கடினம். “மோளே, நிங்களுக்கு ஒரு ‘ப’, ஞங்களுக்கு நாலு. அதாணு காரியம்” என்று மாஷ் முதல் வாரமே சொன்னார். ‘பத்திரத்தைப் பத்திரமாக வை’ என்கிறோம். முதல் பத்திரம் இறகு, இலை. இரண்டாவது பத்திரம் பத்ர, நாலாவது ‘ப’, மங்கலம், நலம். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மலையாளத்தில் தனித்தனியாக எழுதுவார்கள், காதிலும் வேறாகக் கேட்கும்.

‘ஹ’ விஷயம் இன்னும் பெரியது. நாம் ‘ஹ’வைக் ‘க’ ஆக்கிக்கொள்வோம். அதனால் ‘க்ரு’ (செய்) என்ற தாதுவும் ‘ஹ்ரு’ (எடு, கொண்டுபோ) என்ற தாதுவும் நம் கண்ணில் ஒன்றாகத் தெரிகின்றன. உபகாரம் என்றால் உதவி, அது ‘க்ரு’. மலையாளத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும் நினைவுப் பரிசுக்கு உபஹாரம் என்பார்கள், அது ‘ஹ்ரு’. ஆகாரம் என்று எழுதினால் உணவா, உருவமா? உணவு ‘ஹ்ரு’, உருவம் ‘க்ரு’. பரிகாரம், சங்காரம், விவகாரம், இவையெல்லாம் ‘கார’ என்று முடிந்தாலும் ‘ஹ்ரு’ குடும்பம். உதாரணத்திலும் ‘ஹ்ரு’ இருக்கிறது, உதாஹரணம் என்பதில் ஹ-வை நாம் முழுதாகவே விட்டுவிட்டோம். அதிகாரம், அலங்காரம், விகாரம் எல்லாம் ‘க்ரு’. சமஸ்கிருதம் என்ற பெயரே ‘க்ரு’தான், சேர்த்துச் செம்மையாகச் செய்யப்பட்டது.

முன்னால் சேரும் உபசர்க்கம் தாதுவின் பொருளை வலுக்கட்டாயமாக வேறு இடத்துக்கு இழுத்துப் போகும் என்று ஒரு பழைய சுலோகம் உண்டு. சமஸ்கிருதம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது. அதற்கு உதாரணமாக அடுக்குவது ‘ஹ்ரு’வைத்தான்: பிரஹாரம் அடி, ஆஹாரம் உணவு, சம்ஹாரம் அழிவு, விஹாரம் உலாவுதல், பரிஹாரம் விலக்குதல். ஒரே தாது. எடுத்து எங்கே கொண்டுபோகிறாய் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடுகிறது.

அதனால் நான் கண்ட வழி இதுதான். ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தாது தேட வேண்டுமென்றால் முதலில் அதே சொல்லை மலையாளத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பேன். அங்கே ‘ஹ’வும் நாலு ‘ப’வும் அப்படியே இருக்கும். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு அகராதியைத் திறந்தால் தடுமாற்றம் இல்லை. எல்லையில் இருப்பதன் பெரிய வசதி இது. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வடசொல் என்றால் மூலச்சொல்லையும் போட்டிருப்பார்கள். எங்கே ‘ஹ’ இருந்தது என்று அதிலும் தெரிந்துவிடும்.

சரி, தாது தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிடுமா? நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நம்பினேன். அது தவறு. எங்கள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. என் தங்கை இருக்கும் குப்பமும் ஒரு சித்தூர் ஜில்லாவில்தான் இருக்கிறது, ஆந்திரத்துச் சித்தூர். எங்கள் தாலுகாவும் சித்தூர். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வாள். தங்கை கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் ‘ஏமன்னா அவசரமா?’ என்று கேட்டிருக்கிறார். இவள் ‘அவசரம் ஒன்றும் இல்லை அத்தை, மெதுவாகவே செய்கிறேன்’ என்றிருக்கிறாள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஏதாவது வேண்டுமா என்றுதான் அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். மலையாளத்திலோ அவசரம் என்றால் வாய்ப்பு. விசாரணைக் கடிதத்தில் ‘பறயான் அவசரம் நல்கும்’ என்று இருந்தால், பேச வாய்ப்பு தரப்படும் என்று அர்த்தம். தமிழ்க்காரர் அதைப் பார்த்தால் உடனே வண்டி பிடித்து ஓடுவார்.

தாது ‘ஸ்ரு’, ஓடுதல், வழிதல். ‘அவ’ என்றால் கீழே. நீர் இறங்குவது, மழை என்று ஒரு பொருளும், ஏற்ற நேரம், வாய்ப்பு, ஒருவருடைய முறை என்று மற்ற பொருள்களும் அகராதியில் இருக்கின்றன. மலையாளம் மூலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த நேரம் போய்விடக் கூடாதே என்ற பதைப்பைத் தமிழ் எடுத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றுகிறது.

இதே ‘ஸ்ரு’தான் சம்சாரமும். கூடவே ஓடுதல், சுற்றி வருதல், பிறவிச் சுழல், உலக வாழ்க்கை. தெலுங்கில் குடும்பம். தமிழில் குடும்பம் என்றும் உண்டு, பேச்சில் மனைவி. தெற்கே கரிசல் காட்டில் சம்சாரி என்றால் விவசாயி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு! எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டு அர்த்தமும் வரும். ‘என் சம்சாரம் உங்களோட சம்சாரிக்கணும்ன்னு சொன்னா’ என்று இங்கே யாராவது சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விகாரமும் அப்படித்தான். ‘வி’ சேர்ந்த ‘க்ரு’, மாறுதல். தமிழில் அவலட்சணம், மலையாளத்தில் மன உணர்ச்சி. ஒரு கல்யாணத் தகவல் கடிதத்தில் பெண்ணின் அப்பா ‘விகாரபரமாய’ என்று எழுதியதை நான் ‘உணர்ச்சிகரமான’ என்று சரியாகப் போட்டேன். 2013-ல் செய்தது மாதிரி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே தாது எனக்குப் பொருள் சொல்லும் கருவி அல்ல. ஒரு சொல் எங்கிருந்து கிளம்பியது, எந்தத் திருப்பத்தில் மூன்று மொழியும் பிரிந்தன என்று காட்டும் கருவி. இன்றைய பொருளைப் பேசுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். பத்திரத்தில் சந்தேகமான சொல் வந்தால் இப்போது அகராதியைப் பார்த்துவிட்டு நிறுத்துவதில்லை, எழுதியவரைக் கூப்பிட்டு என்ன நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

தாது தேடுவதில் ஒரு மயக்கம் உண்டு. எல்லாச் சொல்லுக்கும் தாது கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். இந்த மயக்கம் மிகப் பழையது, அதைக் கேள்வி கேட்டதும் மிகப் பழையதுதான். சொற்களின் பிறப்பைப் பற்றி யாஸ்கர் எழுதிய நிருக்தம் என்ற பழைய நூலில் ஒரு வாதம் வருகிறது. பெயர்ச்சொற்கள் எல்லாம் வினையிலிருந்தே பிறந்தவை என்று சாகடாயனர் சொல்கிறார். எல்லாம் இல்லை என்று கார்க்கியர் மறுக்கிறார். அவர் கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம். வழியைக் கடப்பதால்தான் குதிரைக்கு அசுவம் என்று பெயர் என்றால், வழியைக் கடக்கிற எல்லாவற்றையும் அசுவம் என்று சொல்ல வேண்டாமா? குத்துவதால் புல்லுக்குத் திருணம் என்றால், குத்துகிற எல்லாவற்றுக்கும் அதே பெயர் வர வேண்டாமா? யாஸ்கர் இதற்குப் பதில் சொல்கிறார், சாகடாயனர் பக்கமே நிற்கிறார். ஆனால் கார்க்கியரின் கேள்வியை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியோடு சேர்த்துச் சொல்லப்படும் தாதுபாடம் என்ற தாதுப் பட்டியலில் சுமார் 2,000 தாதுக்கள் உண்டு. ‘பூ’, இருத்தல், அதுதான் முதல். பூமியும் அதிலிருந்தே. உள்ளே போகப் போகப் ‘போதல்’ என்று மட்டும் பொருள் போட்டவை ஏராளமாக வரும். அவற்றில் பல எந்த நூலிலும் வருவதில்லை. பாதிக்கு மேல் இலக்கியத்தில் சான்றில்லாதவை என்று அமெரிக்க அறிஞர் விட்னி எழுதினார். உண்மையில் வழங்கியவற்றை மட்டும் தொகுத்து 1885-ல் தனிப் புத்தகமே போட்டார். மோனியர் வில்லியம்ஸ் அகராதியில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து இருந்தால், அது பழைய நிகண்டுகளில் மட்டும் சொல்லப்பட்டது, நூல் வழக்கில் காணப்படாதது என்று அர்த்தம். ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு ‘மழை’ என்ற பொருள் அப்படிப்பட்டதுதான். புதிதாக வாங்குகிறவர்கள் அந்த எழுத்தை மதித்துப் படியுங்கள். அதைப் பார்க்காமல் எடுத்தாள்கிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

தமிழ்க்காரருக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மீன் என்ற சொல் சமஸ்கிருதத்திலும் மீன என்று இருக்கிறது. ‘மீ’ என்ற தாதுவிலிருந்து அதை வருவித்துக் காட்டிய மரபும் உண்டு. ஆனால் பரோவும் எமனோவும் சேர்ந்து 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் மீன் நம் சொல், சமஸ்கிருதம் வாங்கிக்கொண்டது. நீரும் அப்படியே. பரோ இருந்தது, மோனியர் வில்லியம்ஸ் இருந்த அதே ஆக்ஸ்போர்டு சமஸ்கிருத நாற்காலியில்தான். அந்த நாற்காலியிலிருந்து ஒருவர் சமஸ்கிருதத் தாதுக்களை அடுக்கித் தந்தார், இன்னொருவர் நம் வேர்களை அடுக்கித் தந்தார். இரண்டு புத்தகமும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் கிடைக்காததை இன்னொன்றில் தேடுவேன். எது யாருடையது என்று சண்டை போட அல்ல, தப்பான வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க.

வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் என்ன பெரிய விஷயம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு எல்லிஸ் கதையைச் சொல்வேன். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையோடு 1816-ல் ஒரு குறிப்புச் சேர்த்தார். பட்டாபிராம சாஸ்திரி தொகுத்திருந்த தெலுங்குத் தாதுமாலையை எடுத்துச் சமஸ்கிருதத் தாதுக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பொருந்தவில்லை. அப்புறம் தமிழ், கன்னடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பொருந்தின. தெற்கத்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல் 1856-ல் விரிவாக எழுதுவதற்கு நாற்பது வருடம் முன்பே அது அச்சில் வந்துவிட்டது. சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் உண்டாக்கிய தாதுப் பட்டியல் என்ற முறைதான் அந்த உண்மையை வெளியே கொண்டுவந்தது. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிற தெருவழியாகப் போகும்போதெல்லாம் தங்கையிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி, வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். உபசர்க்கம் சேர்ந்த வினைகளை மோனியர் வில்லியம்ஸ் உபசர்க்கத்தின் அகரவரிசையில் சிதறி வைத்திருப்பார். ‘ஹ்ரு’வின் பிள்ளைகள் எல்லாரையும் பார்க்க வேண்டுமானால் புத்தகம் முழுக்கப் புரட்ட வேண்டும். ஆப்டே 1890-ல் புனேயில் வெளியிட்ட அகராதியில் எல்லாம் தாதுவின் கீழேயே ஒரே இடத்தில் இருக்கும், காவியங்களிலிருந்து முழு வரியும் எடுத்துக் காட்டியிருப்பார். குடும்பத்தைப் பார்க்க ஆப்டே, தனிச் சொல்லைப் பார்க்க மோனியர் வில்லியம்ஸ் என்று இப்போது பழகிவிட்டது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தாது மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஆப்டேயைத்தான் சொல்வேன்.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் இரண்டையும் கணினியில் ஏற்றி இலவசமாக வைத்திருக்கிறது. போனில் ஒரு நொடியில் கிடைக்கும். சமஸ்கிருதத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் ஹார்வர்டு–கியோட்டோ முறையில் தட்டினால் ‘ரு’ உயிருக்குப் பெரிய ஆர், ‘சிவ’வில் வரும் ச-வுக்கு இசட் போட வேண்டும், அது பழக ஒரு வாரம் ஆனது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவில் நிற்கும்போது அதுதான் கை கொடுக்கிறது. ஆனால் வீட்டில் நான் புத்தகத்தைத்தான் திறக்கிறேன். தேடிய சொல்லுக்கு மேலேயும் கீழேயும் இருப்பவை கண்ணில் படும். எங்கள் சித்தூர்ப்புழைக்குச் சோகநாசினி என்று இன்னொரு பெயர் உண்டு. அந்தக் கரையில் மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. சோகத்துக்குத் தாது தேடப் போய், ‘சுச்’ என்றால் ஒளிர்தல், எரிதல், வருந்துதல் என்று படித்தேன். அதன் கீழேயே சுசி, தூய்மை. எரிவதும் சுத்தமாவதும் துக்கப்படுவதும் ஒரே தாது என்று அந்தப் பக்கத்தில்தான் தெரிந்தது. போனில் சோகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருப்பேன்.

மாஷ் இப்போது இல்லை. அவர் சொன்னபடி நான் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் தாது, அடுத்த மூன்றில் தமிழ், மலையாளம், தெலுங்கு. தெலுங்குக் கட்டத்தைத் தங்கைதான் நிரப்புகிறாள். சென்ற வாரம் எழுதியது ‘அஸ்’, எறிதல். இருத்தல் என்ற பொருளில் ஒலியில் இதே மாதிரி இன்னொரு ‘அஸ்’ உண்டு, அது வேறு. எறிகிற ‘அஸ்’ஸிலிருந்து அப்பியாசம் வருகிறது, திரும்பத் திரும்ப எறிவது. சந்நியாசம் வருகிறது, எல்லாவற்றையும் கீழே எறிவது. அப்புறம் உபந்நியாசம், பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. தமிழ்க் கட்டத்தில் ‘கோயிலில் நடப்பது’ என்று எழுதினேன். மலையாளக் கட்டத்தில் ‘பரீட்சையில் எழுதும் கட்டுரை’. தெலுங்குக்குக் குப்பத்துக்குப் போன் செய்தேன். “மேடையில பேசறதுக்கா, கட்சிக்காரங்க மைக் பிடிச்சிப் பேசறாங்களே, அதுதான். இப்பக்கூட தெருவுல ஒண்ணு நடக்குது” என்று சொல்லிவிட்டு, தங்கை போனை ஜன்னல் பக்கம் காட்டினாள்.